யாரையும் காப்பாற்றாத பெண்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு காதிலும் மிஷின் வைத்திருக்கிறாள். பிறந்தநாளுக்கு உறவினர்கள் அவளுக்கென்றே தேடி, 'வித்தியாசமான குழந்தைகள்' பற்றிய கதைப்புத்தகங்கள் வாங்கித் தந்தார்கள். மூன்றிலும் ஒரே கதை. எல்லோரும் ஒதுக்கிய பிள்ளை கடைசியில் மற்றவர்களை ஆபத்திலிருந்து காப்பாற்றும். உடனே எல்லோரும் ஓடிவந்து கட்டிக்கொள்வார்கள். படித்து முடித்ததும், "நான் யாரையும் காப்பாத்தலேன்னா என்னைச் சேத்துக்க மாட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. வேறு நல்ல புத்தகங்கள் உண்டா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் மகளின் கேள்வியைப் படித்தபின் வெகுநேரம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அந்தக் கதைகளை நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் அவள் சரியாகத்தான் படித்திருக்கிறாள். மற்றப் பிள்ளைகளுக்குச் சும்மா இருந்தாலே கூட்டத்தில் இடம் உண்டு, இவள் மட்டும் அதைச் சம்பாதிக்க வேண்டும் என்றுதான் அவை சொல்கின்றன.

முதலில் சீசீ பெல் எழுதி வரைந்த 'எல் டெஃபோ'வைக் கொடுங்கள். 2014இல் வந்த ஆங்கிலச் சித்திரக்கதை; பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம். நான்கு வயதில் மூளை உறை அழற்சியால் கேட்கும் திறனை இழந்தவர், தன் பள்ளி நாட்களை வரைந்திருக்கிறார். பாத்திரங்கள் எல்லோரும் நீளக் காது முயல்கள். மிஷினில் பேட்டரி தீரத் தீர, பேச்சுக் குமிழிக்குள் எழுத்துகள் வெளிறிக்கொண்டே போகும். காது கேட்கிற நம்மையும் அந்த வெற்றுக் குமிழிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார். அந்த மிஷினோடு இணைந்த மைக்கை ஆசிரியை கழற்ற மறந்து கழிப்பறைக்குப் போனாலும் அவர் சத்தம் இந்தச் சிறுமிக்கு மட்டும் கேட்கும்! அவள் கதை முழுக்கத் தேடுவது ஒரு நல்ல தோழியை. ஒருத்தி அதிகாரம் பண்ணுகிறாள், இன்னொருத்தி இவளிடம் மட்டும் கத்திக் கத்தி, இழுத்து இழுத்துப் பேசுகிறாள். இவளுக்குப் பிடிப்பதில்லை. யாரோடு சேருவது என்று அவளும்தான் தேர்ந்தெடுக்கிறாள். எனக்கு அந்தப் புத்தகத்தில் மிகப் பிடித்தது இதுதான்.

எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே' (1962) அவளுக்குச் சின்னப்பிள்ளைப் புத்தகமாகத் தெரியலாம். இருந்தாலும் வாங்குங்கள். கறுப்பினச் சிறுவன் ஒருவன் நாள் முழுக்கப் பனியில் விளையாடுகிறான், ஒரு பனியுருண்டையைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறான், அது உருகிப்போகிறது. அவ்வளவுதான் கதை. அவன் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத ஹெலன் கெல்லரின் வாழ்க்கைக்கதையை மட்டும் பார்த்து வாங்குங்கள். சிறுவர் பதிப்புகள் பல குழாயடியிலேயே முடிந்துவிடும். 1887, ஏழு வயது நிறையாத குழந்தை, ஒரு கையில் தண்ணீர் கொட்டுகிறது, மறு கையில் அவருடைய ஆசிரியை ஆன் சலிவன் அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக விரலால் சொல்கிறார். அதற்குப் பிறகு 81 ஆண்டுகள் வாழ்ந்தவர் ஹெலன்! பட்டம் வாங்கினார், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டார், போரை எதிர்த்தார். முன்பு அவரைப் புகழ்ந்த ஒரு பத்திரிகை ஆசிரியரே, அவர் சோஷலிசம் பேசத் தொடங்கியதும், அது அவருடைய குறைபாட்டால் வந்த பிழை என்று எழுதினார். புகழ வேண்டுமானால் குழந்தையாகவே இருக்க வேண்டும் போல. குழாயடியில் நின்றுவிடும் புத்தகம் வேண்டாம்.

'எல் டெஃபோ'வில் எழுத்து வெளிறும் பக்கம் வரும்போது, "பேட்டரி போறப்ப உனக்கும் இப்படித்தான் இருக்குமா?" என்று அவளிடம் கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.