ரோப் தொங்கட்டும், விடுங்கள்

கேள்வி: எங்கள் கிணற்றின் இரு கரையிலும் 6 மீட்டர் இடைவெளியில் கல்லுக்கால் நட்டிருக்கிறோம். குறுக்கே 8 மி.மீ. ஒயர் ரோப் கட்டி, நடுவில் மோட்டாரைத் தொங்கவிடப் போகிறோம். மோட்டாரும் குழாயும் சேர்ந்து 90 கிலோ. தொய்வே இல்லாமல் இழுத்துக் கட்டினால்தான் பலம் என்கிறார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். சரிதானா? ரோப் எவ்வளவு நீளும்?
- வாசகர், பாலக்கோடு

பதில்: தயவுசெய்து அப்படிக் கட்டாதீர்கள். காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் கிணற்றில் அப்பா அப்படித்தான் விறைப்பாகக் கட்டினார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், மேற்குக் கரைக் கல் தரையோடு முறிந்து கிடந்தது. ரோப்பில் ஓர் இழைகூட அறவில்லை. கல் தலைமேல் பாரத்தைத் தாங்கும்; பக்கவாட்டில் இழுத்தால் முறிந்துவிடும்.

முதலில் எடையைச் சரியாகப் போடுங்கள். 2 அங்குலக் குழாயில் மீட்டருக்கு 2 லிட்டர் தண்ணீர் நிற்கும். நீர்மட்டத்துக்கு மேலே 15 மீட்டர் குழாய் இருந்தால் இன்னும் 30 கிலோ. ஆக 120. ரோப்பின் ஒவ்வொரு பாதியும் 60 கிலோவைத் தூக்க வேண்டும். அந்த 60-ஐ ரோப்பின் பாதி நீளத்தால் பெருக்கி, பாரம் தொங்கும்போது நடுவில் இருக்கும் தொய்வால் வகுத்தால் இழுவிசை கிடைக்கும்.

தொய்வு 1.5 மீட்டர் என்றால் பாதி நீளம் 3.35 மீட்டர், இழுவிசை 134 கிலோ. தொய்வை 30 செ.மீ. ஆக்கினால் 600 கிலோவைத் தாண்டும். 10 செ.மீ. ஆக்கினால் 1,800! மோட்டார் என்னவோ அதே மோட்டார்தான்.

அப்புறம் நீட்சி. விசையை (நியூட்டனில்; கிலோவை 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டன்) நீளத்தால் பெருக்கி, இரும்பின் பரப்பாலும் யங் குணகத்தாலும் (இழுத்தால் நீளாமல் எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்பதன் அளவு) வகுக்க வேண்டும். 8 மி.மீ. ரோப்பில் இடைவெளியும் நடு நாரும் போக, இரும்பு சுமார் 26 சதுர மி.மீ.தான். தனி எஃகுக் கம்பிக்கு யங் குணகம் சதுர மி.மீ.க்கு 2 லட்சம் நியூட்டன். முறுக்கிய ரோப் அதைவிட இளகும் என்பதால் நான் 80,000 வைத்துக்கொள்கிறேன். 1.5 மீட்டர் தொய்வில் 4 மி.மீ. நீளும், அவ்வளவுதான்.

அண்ணன் சொன்னபடி நேராகக் கட்டினால்? கல் அசையாது என்றே வைத்துக்கொள்வோம். ரோப் 2 செ.மீ. நீளும், அந்த 2 செ.மீ.க்கே நடுப்பகுதி 25 செ.மீ. இறங்கிவிடும். அப்போதும் இழுவிசை 725 கிலோ. எங்கள் கல்லை முறித்தது இந்தப் பக்க இழுப்புதான்.

ஆகவே 1.5 மீட்டருக்குக் குறையாமல் தொய்வு விடுங்கள். அப்படி விட்டாலும் ஒவ்வொரு கல்லையும் கிணற்றுப் பக்கம் 120 கிலோ இழுக்கும். அதனால் ரோப்பைக் கல்லின் உச்சியில் கட்டாமல், முடிந்தவரை தரைக்குப் பக்கத்தில் கட்டி, வெளிப்புறம் கரண்ட் கம்பத்துக்குப் போடுவது போல ஸ்டே கம்பி போடுங்கள். முனைக்கு மூன்று யூ கிளாம்ப் வேண்டும். அதன் வளைந்த போல்ட் ரோப்பின் வெட்டு முனைப் பக்கம் இருக்கட்டும். மோட்டாரின் மின் ஒயரில் பாரம் துளியும் விழக்கூடாது.