டிசைன் போட்ட துணியில் உள்ள குறையைக் கேமரா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

துணி உருளைமேல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேமரா படமெடுக்க, அந்தப் படத்தில் அறுந்த இழை, ஓட்டை, எண்ணெய்க் கறை, விலகிய அச்சு போன்றவற்றைக் கணினி தேடிப் பிடிப்பதுதான் தானியங்கித் துணிப் பரிசோதனை.

வெறும் வெள்ளைத் துணியில் இது எளிது. மாறித் தெரிவதெல்லாம் குறை. பூவும் கட்டமும் நிறைந்த துணியிலோ நிறம் மாறுவதே இயல்பு. சிறு கறை ஓர் இலையின் நிழலோடு கலந்து மறைந்துவிடும்.

ஆனால் அதே டிசைன்தான் கைகொடுக்கவும் செய்கிறது. ஒரு சிறு பகுதி, அதாவது ஓர் அலகு, திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டே டிசைன் உருவாகிறது. கணினி முதலில் அந்த அலகின் நீள அகலத்தைக் கண்டுகொள்கிறது, பிறகு ஒவ்வோர் அலகையும் அக்கம்பக்கத்து அலகுகளோடு ஒப்பிடுகிறது. ‘ஆறு வித்தியாசங்கள்’ புதிரில் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்ப்போமே, அதே வேலைதான்.

பெரிய தொல்லை துணியின் நெகிழ்வில் இருக்கிறது. இழுவையில் துணி சற்றே நீண்டாலோ கோணினாலோ அலகுகள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஒவ்வொரு பூவின் ஓரமும் பொய்க் குறையாகத் தெரியும். அதனால் ஒப்பிடுவதற்கு முன்பே படத்தை நிமிர்த்திச் சீராக்க வேண்டும். வெளிச்சமும் முக்கியம்: ஓட்டை பின்னொளியில் பளிச்சிடும், கறைக்கு முன்னொளி வேண்டும்.

ஆயிரக்கணக்கான குறைகளின் படங்களைக் காட்டினால்தான் கணினி கற்றுக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் குறைகள் அரிதானவை, ஒன்றைப்போல் மற்றொன்று இராது என்பதால், நல்ல துணியின் படங்களை மட்டுமே கொண்டு பயிற்றுவிக்கும் முறைகளும் இருக்கின்றன.