குடிப்பழக்கம் இல்லாதவர் இங்கிலாந்தின் பழைய பப்களுக்குப் போகலாமா? எங்கே போகலாம்?

தாராளமாகப் போகலாம். நானும் குடிப்பதில்லை. ஆனால் இரண்டு முறை இங்கிலாந்து போய்வந்ததில் அரண்மனைகளை விட இந்த பப்கள்தான் மனதில் நிற்கின்றன. அரண்மனையில் கயிறு கட்டித் தள்ளி நிற்க வைப்பார்கள். பப்பில் முந்நூறு வருடப் பழைய அறைக்குள் உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிடலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

ஒன்று மட்டும், 'இங்கிலாந்திலேயே மிகப் பழைய பப்' என்ற பலகையை நம்பி ரயில் ஏறாதீர்கள். அந்தப் பட்டத்துக்கு ஏகப்பட்ட பங்காளிகள். செயின்ட் ஆல்பன்ஸில் உள்ள ஃபைட்டிங் காக்ஸ் 793 என்று சொல்லிக்கொள்ளும். நாட்டிங்ஹாமில் 'யீ ஓல்ட் ட்ரிப் டு ஜெருசலேம்' சுவரில் 1189 என்று பெரிதாக எழுதியிருக்கும், அது முதலாம் ரிச்சர்ட் அரியணை ஏறிய வருடம், கட்டடம் என்னவோ 17ஆம் நூற்றாண்டுதான். (அந்த 'யீ'யை 'தி' என்றுதான் படிக்க வேண்டும். வழக்கொழிந்த ஒரு பழைய எழுத்துக்குப் பதில் அச்சுக்காரர்கள் 'ஒய்' போட்டதால் வந்த குழப்பம்.)

வருடத்தை விடுங்கள், இந்த ட்ரிப் டு ஜெருசலேமுக்குக் கட்டாயம் போங்கள். நாட்டிங்ஹாம் கோட்டை நிற்கிற மணற்பாறையைக் குடைந்து எடுத்த அறைகள் பின்பக்கம் இருக்கின்றன, கையை நீட்டினால் சுவர் இல்லை, பாறை. அங்கே தூசி அடை அடையாய்ப் படிந்த ஒரு பொம்மைக் கப்பல் உண்டு, அதைத் துடைத்தவர்கள் எல்லாம் செத்துப்போனார்களாம், அதனால் யாரும் கை வைப்பதில்லை. என் அம்மா பார்த்திருந்தால் சாபமாவது ஒன்றாவது என்று துணியை எடுத்திருப்பார்.

லண்டனில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் சதக்கில் இருக்கும் ஜார்ஜ் இன். லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். தீ விபத்துக்குப் பிறகு 1677இல் திரும்பக் கட்டியது. அந்தக் காலத்தில் இது பயணிகள் விடுதி, குதிரை வண்டிகள் முற்றத்துக்குள் வந்து நிற்க, பயணிகள் மேலே மரத் தாழ்வாரத்தை ஒட்டிய அறைகளில் தங்குவார்கள். ரயில் வந்து வண்டிப் பிழைப்பைக் கெடுத்தது போதாதென்று, ரயில்வே கம்பெனி இடம் வேண்டுமென்று மற்றப் பக்கங்களை இடித்தும் விட்டது. மிச்சம் ஒரு பக்கம்தான். இப்போது பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் சொத்து. அப்படிப்பட்ட தாழ்வாரம் லண்டனில் வேறெங்கும் மிஞ்சவில்லை.

கேம்பிரிட்ஜ் போனால் ஈகிள். டிஎன்ஏ அமைப்பைக் கண்டுபிடித்த கதையை 1953இல் விஞ்ஞானி பிரான்சிஸ் கிரிக் அங்கேதான் சொன்னார் என்று ஒரு பலகை இருக்கும், எல்லோரும் அதைப் படமெடுப்பார்கள். நீங்கள் உள் அறைக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். இரண்டாம் உலகப்போர் விமானப்படை வீரர்கள் லைட்டராலும் மெழுகுவர்த்திப் புகையாலும் கூரையில் எழுதிய பெயர்களும் எண்களும் அப்படியே இருக்கின்றன. எனக்கு டிஎன்ஏவை விட அதுதான் தொண்டையை அடைத்தது.

அப்புறம் நடைமுறை. மேசையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள், முதல் தடவை நான் இருபது நிமிடம் சர்வரைத் தேடி அசடு வழிந்தேன். கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே காசு கொடுத்து, கையோடு வாங்கி வர வேண்டும். வரிசை இருக்காது, ஆனால் யார் முதலில் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும், முந்தினால் முறைப்பார்கள். லைம் சோடா கேளுங்கள், விலையும் குறைவு, யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை. கூட வருபவர் குடிப்பவர் என்றால் அரை பைன்ட்டில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள், முழு பைன்ட் 568 மில்லி.

வாரநாள் மதியம் மூன்று மணிவாக்கில் போனால் அறையே உங்களுடையது. வெள்ளி சாயங்காலம் போனால் முதுகுகள்தான் தெரியும். ஆனால் பல இடங்களில் மதியச் சமையல் முடிந்தால் மாலை வரை அடுப்பு கிடையாது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.