எந்த சேனல் நடுநிலை? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

சைதாப்பேட்டையில், அடையாற்றை ஒட்டிய தெருவில் குடியிருக்கிறோம். போன மழையில் அப்பா பார்க்கும் சேனலில் "செம்பரம்பாக்கம் திறப்பு, கரையோர மக்கள் அச்சம்" என்று ஓடியது. நான் பார்க்கும் சேனலில் "அச்சம் வேண்டாம், நிலைமை கட்டுப்பாட்டில்". ஒரே ஏரி, ஒரே நாள். வீட்டில் சண்டையே வந்துவிட்டது. தமிழில் நடுநிலையான சேனல் ஒன்றைச் சொல்லுங்கள். இல்லையென்றால் பேப்பர் மட்டும் படித்தால் போதுமா?

ச., சைதாப்பேட்டை

அன்புள்ள ச.,

சேனல் எதையும் சிபாரிசு செய்யப்போவதில்லை. உங்கள் ஏரியையே எடுத்துக்கொள்வோம். அந்த இரண்டு சேனல்களும் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நொடிக்கு 100 கன அடி திறந்தால் ஒரு முழு நாளில் வெளியேறுவது 8.64 மில்லியன் கன அடி. ஏரியில் கால் சதவீதம்தான். 2015 டிசம்பரில் 29,000 கன அடி வரை போனது. அந்த வேகம் ஒரு நாள் நீடித்தால் ஏரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காலி. இரண்டுக்குமே "திறப்பு" என்று தலைப்பு வைக்கலாம். எத்தனை கன அடி என்பதை அப்பாவின் சேனல் விட்டுவிட்டது, அவ்வளவுதான். கூடவே 2015 வெள்ளக் காட்சியை ஓட்டினால் வேலை இன்னும் சுலபம். (மூலையில் பொடி எழுத்தில் 'கோப்புக் காட்சி' என்று இருக்கும், போட்டால்.)

உங்கள் சேனலும் ஒன்றை விட்டது. அடையாற்றில் வருவது செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் மட்டுமல்ல. ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் பக்கத்து ஏரிகளின் உபரி தனியாக வருகிறது. செம்பரம்பாக்கத்து நீர் திருநீர்மலை அருகேதான் அதோடு சேர்கிறது. மதகை மூடியே வைத்தாலும் சைதாப்பேட்டையில் ஆறு ஏறலாம். "100 கன அடிதான்" என்ற செய்தியை நம்பி வண்டியைத் தெருவில் விட்டுவைக்க முடியாது.

குடிநீர் வாரியத்தின் இணையதளத்தில் தினமும் ஏரிகளின் அட்டவணை வருகிறது: நீர்மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம், போன வருடம் இதே நாளில் இருந்த இருப்பு. மட்டம் 23 அடியை நெருங்கி, வரத்து வெளியேற்றத்தைவிடப் பல மடங்கு இருந்தால் மேலும் திறப்பார்கள் என்று நீங்களே சொல்லிவிடலாம். நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் மழைக்கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. மதியம் டிவியில் சொல்லும் 12 செ.மீ. பெரும்பாலும் நேற்று பெய்த மழை. ரெட் அலர்ட்டும் அப்படித்தான். எந்த 24 மணி நேரத்துக்கு என்று பாராமல் ஃபார்வர்ட் செய்வதில்தான் பாதிப் பீதி.

அரசியல் செய்திக்கு இப்படி அட்டவணை கிடையாது. அங்கே முதலாளி யார் என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் அது ரகசியமும் இல்லை. மாறன் குடும்பத்தின் சன் டிவி 1993-இல் வந்தது. அந்தக் குடும்பத்துக்கும் தி.மு.க. தலைமைக்கும் 2007-இல் விரிசல் விழுந்ததும் கலைஞர் டிவி பிறந்தது. அ.தி.மு.க. பிளந்தபோது ஜெயா டிவி சசிகலா குடும்பத்தோடு போய்விட, கட்சிக்கு 2018-இல் நியூஸ் ஜெ தேவைப்பட்டது. இந்தச் சேனல்களைப் பார்க்கவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிவதால் கழித்துப் படிக்கலாம். தன் கட்சிக்குச் சங்கடமான ஒன்றை ஒரு சேனல் தானே சொல்கிறது என்றால், அது மறைக்க முடியாத அளவுக்கு உறுதியான செய்தி.

சிக்கல் 'நடுநிலை' என்று சொல்லிக்கொள்பவர்களிடம்தான். தெருமுனை பரோட்டாக் கடையில் கெட்ட இறைச்சி சிக்கினால் கடைப் பெயர், தெருப் பெயர், முதலாளி படம் எல்லாம் வரும். பெரிய ஆஸ்பத்திரி மீது புகார் என்றால் "பிரபல தனியார் மருத்துவமனை". கல்லூரி, அடுக்குமாடி கட்டுபவர், நகைக்கடை எல்லாருக்கும் இதே மரியாதை. காரணத்தை அதே நாள் விளம்பரங்களில் பார்த்துக்கொள்ளலாம். அரசு விளம்பரமும் இதில் சேர்த்தி. ஆட்சி மாறினால் சில இடங்களில் தலைப்பின் குரலும் மாறும்.

பேப்பர் போதுமா என்றால், அதற்கும் விளம்பரதாரர்கள் இவர்களேதான். ஆனால் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்களைப் பத்திரிகை சட்டப்படி போட்டாக வேண்டும். தவறாக எழுதினால் யாரைக் கேட்பது என்று தெரியும். பிரஸ் கவுன்சிலுக்கு எழுதலாம். இரவு டிவி விவாதத்துக்குப் பதில் பேப்பர் என்றால் தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள். விவாதத்தில் புதிய தகவல் அபூர்வம்.

வாட்ஸாப்பில் வரும் நியூஸ் கார்டில் லோகோ இருந்தாலும் அது அந்தச் சேனல் போட்டதுதானா என்று சொல்ல முடியாது. அப்பா அடுத்த முறை அனுப்பினால் அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்குப் போய், கார்டில் உள்ள தேதி வரை கீழே தள்ளிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் போலியாக இருக்கலாம், அல்லது போட்டுவிட்டு நீக்கியிருக்கலாம். இரண்டில் எதுவானாலும் மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.