முதல் மாணவிக்கு 19-ஆவது இடம்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எட்டாம் வகுப்பு வரை எப்போதும் முதலிடம். இந்த ஆண்டு அவளுடைய உயர்நிலைப் பள்ளியில் மீத்திறன் மாணவர்களுக்கென்று நடத்தும் தனி வகுப்புக்குத் தேர்வானாள். மொத்தம் 25 பேர். ஆறு மாதத்தில் 19-ஆவது இடத்துக்குப் போய்விட்டாள். “என்னைத் தவறாக எடுத்துவிட்டார்கள், நான் முட்டாள்” என்கிறாள். போன வாரம் படுக்கை விரிப்பை மாற்றும்போது மெத்தைக்கு அடியில் மூன்று விடைத்தாள்கள் இருந்தன. ஒன்றில் மதிப்பெண்ணை அழித்துத் திருத்த முயன்றிருக்கிறாள். பேசாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பழைய வகுப்புக்கே மாற்றிவிடலாமா? கணவரோ, “கிடைத்த இடத்தை யாராவது விடுவார்களா?” என்கிறார். அவளுடன் பிறந்த இரட்டைச் சகோதரன் அதே தேர்வை எழுதி இடம் கிடைக்காமல் பொது வகுப்பில் படிக்கிறான். அவனை நினைத்தும் கவலையாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள தோழிக்கு,

விடைத்தாள்களை இருந்த இடத்திலேயே வைத்தீர்களே, அதற்கு உங்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். என் மகன் விஷயத்தில் எனக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றேன். அடுத்த முறை அவன் இன்னும் நல்ல மறைவிடமாகத் தேடிக்கொண்டான்.

முதலில் அந்த 19-ஐப் பார்ப்போம். அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் 25 பேரும் அநேகமாக ஆளுக்கொரு வகுப்பில் முதலிடத்தில் இருந்தவர்கள்தான். எல்லோரையும் ஒன்றாக நிறுத்தி வரிசைப்படுத்தினால் ஒருவர் 25-ஆவதாக வந்தே தீர வேண்டும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். பழமொழி கொஞ்சம் கடுமைதான், உங்கள் மகள் இலுப்பைப்பூ என்று நான் சொல்லவில்லை. அவள் சர்க்கரைதான். சுற்றிலும் சர்க்கரையாக இருக்கும்போது தன் இனிப்பு தனியாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியலாளர் 1980-களிலிருந்து இதைத்தான் ஆராய்ந்துவந்தார். ஒரே அளவு திறமையுள்ள இரு பிள்ளைகளில், கெட்டிக்காரர்கள் நிறைந்த வகுப்பில் இருப்பவர் தன் திறமையைக் குறைவாக மதிப்பிடுகிறார். இதைப் பெரிய மீன், சிறிய குளம் என்று விளக்குவார்கள். குளம் பெரிதாகிவிட்டது, மீன் அதே அளவில்தான் இருக்கிறது.

தேர்ந்தெடுத்த 25 பேருக்குள்ளும் எதற்கு இட வரிசை என்று அந்தப் பள்ளியை ஒரு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருக்கிறது. இத்தகைய வகுப்பு எதற்காக? மற்றவர்கள் ஒரு மாதம் படிப்பதைப் பத்து நாளில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அவளுடைய வேகத்துக்கும் ஆழத்துக்கும் ஏற்ற பாடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக. அதை ஒரு பதக்கமாக்கியது பெரியவர்களாகிய நாம்தான்.

இனி அந்த அழித்த மதிப்பெண். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தியது அதுதான். 1998-இல் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரை “நீ புத்திசாலி” என்றும், சிலரை “நன்றாக உழைத்திருக்கிறாய்” என்றும் பாராட்டினார்கள். அடுத்துக் கடினமான புதிர்கள், எல்லோரும் திணறினார்கள். பிறகு, முகம் தெரியாத வேறொரு பிள்ளைக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதி அனுப்பச் சொன்னபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் 10 பேருக்கு ஏறக்குறைய 4 பேர் கூட்டி எழுதினார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களில் அப்படிச் செய்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. டுவெக்கின் கருத்துகளைப் பற்றிப் பின்னால் நிறைய விவாதங்கள் நடந்திருக்கின்றன. எல்லா ஆய்வுகளும் ஒரே மாதிரி அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் உங்கள் மகளின் ரப்பரை நினைக்கும்போது எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். எட்டு வருடமாக வீட்டில் அவளை என்னவென்று அழைத்தோம் என்று நீங்களும் கணவரும் யோசித்துப் பாருங்கள்.

இப்படியொரு வகுப்பில் நான் சில ஆண்டுகள் கணக்கு எடுத்திருக்கிறேன். ஒரு பையன் தேர்வுத்தாளை ஓட்டையோடு கொடுத்தான். முதல் வரி சரி. இரண்டாவது வரி இருக்க வேண்டிய இடத்தில் எழுதி அழித்து, எழுதி அழித்து, தாள் கிழிந்து அடியிலிருந்த மேசை தெரிந்திருக்கிறது. மூன்றாவது வரி கிடையாது. கூப்பிட்டுக் கேட்டபோது, “எனக்குப் பார்த்ததும் வந்துவிடும் சார், இது வரவில்லை” என்றான். பார்த்ததும் வராத கணக்கை என்ன செய்வது என்பது அவனுக்குத் தெரியவில்லை. அதுவரை யாரும் அவனுக்கு அப்படியொரு கணக்கைக் கொடுத்ததே இல்லை. ஜோசப் ரென்சுலி என்ற கல்வி உளவியலாளர் 1978-இல் மீத்திறனை மூன்று வளையங்களாக விளக்கினார்: சராசரிக்கு மேற்பட்ட திறன், படைப்பாற்றல், எடுத்த வேலையை விடாமல் பற்றிக்கொள்ளும் ஊக்கம். நுழைவுத் தேர்வுகள் பெரும்பாலும் முதல் வளையத்தைத்தான் அளக்கின்றன. மூன்றாவது வளையம், சுலபமாகக் கிடைத்த முதலிடங்களால் வளர்வதில்லை.

ஆகவே, இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் கணவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. இரண்டு வாரம் அவள் வீட்டுப்பாடம் செய்யும்போது பக்கத்தில் சும்மா இருங்கள். கடினமான கணக்கு வந்தால் புத்தகத்தை மூடிவிடுகிறாளா, தவறாகவாவது ஒரு வழியை முயல்கிறாளா? யாரும் கேட்காமலேயே அன்று படித்ததைப் பற்றி எப்போதாவது பேசுகிறாளா? பேசினால், அந்த வகுப்பு அவளுக்கு ஏதோ கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆசிரியரிடம் போய், அங்கே பாடம் ஆழமாக நடக்கிறதா அல்லது அதே பாடம் இரட்டிப்பு வீட்டுப்பாடத்தோடு நடக்கிறதா என்று விசாரியுங்கள். 20 கணக்கைச் சீக்கிரம் முடித்த பிள்ளைக்குப் பரிசாக இன்னும் 20 கணக்கு கொடுக்கும் பள்ளிகளும் உண்டு. அதைத் தண்டனை என்றுதான் நான் சொல்வேன். எல்லாப் பாடங்களுக்கும் அல்லாமல், அவளுக்குப் பிடித்த ஓரிரு பாடங்களுக்கு மட்டும் அந்த வகுப்பில் உட்கார முடியுமா என்றும் கேளுங்கள். சில பள்ளிகளில் அதற்கு இடமிருக்கிறது.

தூக்கம் கெடுகிறது, சாப்பிட மறுக்கிறாள், பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் தினமும் வயிற்றுவலி என்றால் நான் மேலே சொன்ன எதையும் பார்க்காதீர்கள். அன்றே மாற்றுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

மகனைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921-இல் கலிபோர்னியாவில் நுண்ணறிவுத் தேர்வு வைத்து 1,500-க்கும் மேற்பட்ட மேதைக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து ஆயுள் முழுவதும் பின்தொடர ஏற்பாடு செய்தார். அந்தத் தேர்வில் இடம் கிடைக்காமல் திரும்பிய இருவர், வில்லியம் ஷாக்லி 1956-இலும் லூயிஸ் ஆல்வாரெஸ் 1968-இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவருக்கும் அந்தப் பரிசு கிடைக்கவில்லை. இதை அவனிடம் ஒருமுறை சொல்லுங்கள், போதும். அக்காவா தங்கையா தெரியவில்லை, அவள் காதில் விழும்படி மட்டும் சொல்லாதீர்கள்.

கடைசியாக, அந்த மூன்று தாள்கள். 14 வயதுப் பெண்ணுக்குப் பள்ளிப் பையிலிருந்து குப்பைத்தொட்டி வரை எத்தனையோ மறைவிடங்கள் இருக்கின்றன. அவள் மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறாள். வீட்டில் விரிப்பை மாற்றுவது யார் என்று அவளுக்குத் தெரியாதா? அடுத்த முறை மாற்றும்போது ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அவளையும் கூப்பிடுங்கள்.