பெறுபேற்றுத் தாளில் எதைப் பார்ப்பது?

வாசகர் வினா – விடை: கல்வி

வினா: ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வெளியானதும், வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்தே எமது வலயத்தில் பாடசாலைகளை ஒப்பிடுகிறார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் பெற்றோராகிய நாங்கள், இந்தப் பெறுபேற்றை வைத்து அதிபரிடம் என்ன கேட்க வேண்டும்?
– வாசகி, கொட்டாஞ்சேனை

விடை: முதலில் அந்த எண்ணிக்கையை ஒருபுறம் வையுங்கள். புலமைப்பரிசில் பரீட்சை, பிரபல பாடசாலைகளின் ஆறாம் தரத்துக்கும் உதவிப் பணத்துக்கும் பிள்ளைகளைத் தெரிவு செய்வதற்காக நடத்தப்படுவது. வெட்டுப்புள்ளியும் மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் மாறுகிறது. ஒரு பாடசாலையில் எட்டுப் பிள்ளைகள் அதைத் தாண்டியிருக்கலாம். அதே வகுப்பில் ஒரு பந்தியை வாசித்து விளங்கிக்கொள்ள இயலாத பிள்ளைகளும் இருக்கலாம். அந்தப் பிள்ளைகளைப் பற்றி அந்த எட்டு எதையும் சொல்வதில்லை. ஆகவே எல்லாப் பிள்ளைகளின் புள்ளிகளும் எவ்வாறு பரவியுள்ளன, மிகக் குறைந்த புள்ளி பெற்றவர்கள் எந்தப் பகுதியில் தடுமாறினார்கள் என்பவற்றையே நீங்கள் கேட்க வேண்டும்.

இதற்கான வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. பரீட்சைத் திணைக்களத்தின் ஆராய்ச்சி அபிவிருத்திக் கிளை வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகள், பரீட்சார்த்திகள் ஒவ்வொரு வினாவுக்கும் எவ்வாறு விடையளித்தார்கள் என்பதை ஆராய்கின்றன. ஆனால் அவற்றைப் பிரித்துப் பார்க்கும் பாடசாலைகள் குறைவு என்பதே என் கருத்து. கடந்தகால வினாத்தாள்களை மீண்டும் மீண்டும் செய்விக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கினாலே போதும்.

பிழையான விடைகள் எவ்வளவு சொல்லக்கூடியவை என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன். மு.ப. 10.40க்குப் புறப்பட்ட பஸ் பி.ப. 1.15க்குப் போய்ச் சேர்ந்தது. பயணத்துக்கு எவ்வளவு நேரம் எடுத்தது? சரியான விடை 2 மணித்தியாலம் 35 நிமிடம். ஒரு பிள்ளை 2 மணித்தியாலம் 75 நிமிடம் என எழுதுகிறது. 13.15இலிருந்து 10.40ஐச் சாதாரண எண்களைப் போலக் கழித்திருக்கிறது. ஒரு மணித்தியாலத்துக்கு 60 நிமிடம் என்பது அதன் கணக்கில் வரவில்லை. இன்னொரு பிள்ளை 3 மணித்தியாலம் 25 நிமிடம் என எழுதுகிறது. பத்திலிருந்து ஒன்றுவரை மூன்று மணித்தியாலம் என எண்ணிவிட்டு, 40இலிருந்து 15ஐக் கழித்திருக்கிறது. புள்ளி இருவருக்கும் பூச்சியம்தான். ஆனால் முதல் பிள்ளைக்கு வேண்டியது கடிகாரம். இரண்டாவது பிள்ளைக்கு வேண்டியது கடன் வாங்கிக் கழித்தல். தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்தும்போதே இப்படிப்பட்ட பிழைகளை வகைப்படுத்திக் குறித்துக்கொள்ளும் ஆசிரியருக்கு, அடுத்த வாரம் யாருக்கு எதைக் கற்பிப்பது என்பது தெளிவாகிவிடும்.

வலயத்தின் வேலை இதற்கு அடுத்தது. ஒரே பிழை பல பாடசாலைகளில் தென்பட்டால், தனி ஆசிரியர் ஒருவரைக் குறை சொல்லாமல், ஆசிரிய ஆலோசகர்கள் அந்தப் பாடப்பகுதிக்கே பயிற்சி நடத்த வேண்டும். ஒரு வகுப்பில் மட்டும் தென்பட்டால் அந்த வகுப்புக்குப் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள்: 20 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 5 சதவீதம். அப்படிப்பட்ட பாடசாலையில் ஓராண்டு ஏற்றத்துக்காகப் பொன்னாடை போர்த்துவதும் ஓராண்டு இறக்கத்துக்காக அதிபரைக் கடிந்துகொள்வதும் பொருத்தமற்றவை. மூன்று ஆண்டுகளையாவது சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வினா: சாதாரண தரப் பெறுபேற்றின்படி பாடசாலைகளை வரிசைப்படுத்தி, கடைசியில் நிற்கும் பாடசாலைகளின் அதிபர்களிடம் விளக்கம் கேட்டால் பொறுப்புணர்வு வராதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளவத்தை

விடை: அச்சம் வரும், ஐயா. அமெரிக்காவில் 2002இல் சட்டமான "எந்தப் பிள்ளையும் பின்தங்கக்கூடாது" என்ற திட்டம், 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று இலக்கு வைத்து, அதை எட்டாத பாடசாலைகள் மீது நடவடிக்கை எடுத்தது. இலக்கை எட்டியே தீர வேண்டும் என்ற நெருக்குதல் மிகுந்திருந்த அட்லாண்டா நகரில், ஆசிரியர்களே பிள்ளைகளின் விடைத்தாள்களை அழித்துத் திருத்தினார்கள். 2011இல் வெளியான அரச விசாரணை அறிக்கை 44 பாடசாலைகளில் முறைகேடு நடந்ததாகக் கூறியது. அங்கே மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள், உதவி தேவைப்பட்டும் தேர்ச்சி பெற்றவர்களாகக் காட்டப்பட்ட பிள்ளைகள்தான்.

கொழும்பில் இன்னொரு அநீதியும் உண்டு. ஐந்தாம் தரத்தில் கூடிய புள்ளி பெற்ற பிள்ளைகள் ஆறாம் தரத்துக்குப் பெரிய பாடசாலைகளுக்குப் போய்விடுகிறார்கள். எஞ்சிய பிள்ளைகளோடு ஆறு ஆண்டுகள் உழைக்கும் பாடசாலையையும், தெரிவு செய்யப்பட்ட பிள்ளைகளைப் பெற்ற பாடசாலையையும் ஒரே பட்டியலில் வைத்தால், அந்தப் பட்டியல் காட்டுவது யார் உள்ளே வந்தார்கள் என்பதைத்தான். அதற்குப் பதிலாக, ஆறாம் தரத்தில் சேரும்போது ஏறக்குறைய ஒரே புள்ளியோடு வந்த பிள்ளைகள், பதினோராம் தரத்தில் எந்தப் பாடசாலையில் எங்கே நிற்கிறார்கள் என்று ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்க்கும்போது பெயர் வெளியே தெரியாத சில பாடசாலைகள் மேலே வரக்கூடும். அங்கே கணிதம் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதை மற்றவர்கள் சென்று பார்க்கட்டும். உண்மையாகவே பின்தங்கியிருக்கும் பாடசாலைகளின் அதிபர்களிடம் விளக்கம் கேட்பதற்கு முன்னர், அங்கே கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியர் இருக்கிறாரா என்று வலயக் கல்விப் பணிமனை தன்னையே கேட்டுக்கொண்டு, அந்த வெற்றிடங்களை முதலில் நிரப்பட்டும்.