குளித்தாலே மூச்சு வாங்கும் அப்பாவைக் கட்டிலிலேயே வைத்திருக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, நாற்பது வருடம் பீடி. சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய்கள் நாள்பட்டு அடைபடும் நுரையீரல் நோய் என்று சொல்லி ஆறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து போன வாரம்தான் அனுப்பினார்கள். குளித்துவிட்டு வந்தாலே பத்து நிமிடம் மூச்சு வாங்குகிறது. பயத்தில் நாங்கள் அவரை எழுந்திருக்கவே விடுவதில்லை. சரிதானா?

பதில்: பாசத்தில் செய்கிறீர்கள், ஆனால் சரியில்லை. படுத்தே கிடந்தால் முதலில் கரைவது தொடைத் தசை. அது கரைந்தபின் பாத்ரூம் வரை நடப்பதற்கே கூடுதல் மூச்சு தேவைப்படும், அதைப் பார்த்து நீங்கள் இன்னும் பயந்து இன்னும் படுக்க வைப்பீர்கள். நடக்கும்போது கொஞ்சம் மூச்சு வாங்குவது நுரையீரலைக் கெடுக்காது.

குளியலுக்கு வருவோம், ஏனென்றால் இவர்களுக்கு அதுதான் மலையேற்றம். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது, மூச்சுக்கு உதவிக்கொண்டிருந்த தோள் தசைகள் அந்த வேலைக்குப் போய்விடுகின்றன. குனிந்து தண்ணீர் மொள்ளும்போது வயிறு மேலே அழுத்துகிறது. அதனால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் அவரை உட்கார வைத்து, இன்னொன்றில் வாளியை இடுப்பு உயரத்துக்கு வையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். துவட்டவே வேண்டாம், பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் ஈரம் தானே இறங்கிவிடும்.

இந்த நோயில் காற்றை உள்ளே இழுப்பதை விட முழுசாக வெளியே விடுவதுதான் பெரிய பிரச்சினை. பழைய காற்று தேங்கிவிட்டால் புதுக் காற்றுக்கு ஏது இடம்? மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, எதிரே ஒரு விளக்கு இருப்பதாக நினைத்து ஊதச் சொல்லுங்கள்: சுடர் ஆட வேண்டும், அணையக் கூடாது. இழுப்பதற்கு இரண்டு எண்ணிக்கை என்றால் விடுவதற்கு நாலு. சொம்பைத் தூக்கும் நேரத்தில் மூச்சை விட வேண்டும். பலர் அப்போதுதான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

டாக்டரிடம் கேட்டுவிட்டு, வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம், இரண்டு வேளை நடக்கட்டும். பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது, அந்த வேகம் போதும். அப்புறம் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி (உடற்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் சேர்த்துக் கற்றுத்தருவது) எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள். வீடு திரும்பிய ஒரு மாதத்துக்குள் தொடங்கினால் மறுபடி அட்மிட் ஆகும் வாய்ப்பு குறைகிறது.

இன்ஹேலர் பழகிப்போய்விடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். இன்ஹேலரில் போட்டு இழுக்க வேண்டிய பவுடர் கேப்ஸ்யூலைத் தண்ணீரில் விழுங்கியவரையே நான் பார்த்திருக்கிறேன்! பவுடர் என்றால் வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். பம்ப் என்றால் மெதுவாக. இரண்டிலும் பத்து நொடி மூச்சை அடக்க வேண்டும், ஸ்டீராய்டு மருந்தாக இருந்தால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அடுத்த முறை டாக்டர் எதிரிலேயே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றியும் அன்றைக்கே கேளுங்கள்.

பீடியை விட்டுவிட்டார் என்றே வைத்துக்கொள்கிறேன். கொசுவர்த்தியும் சாம்பிராணியும் புகைதான்.

வீட்டில் ஆக்சிஜன் கொடுத்திருந்தால், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் 95 காட்டவில்லையே என்று நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். இவர்களில் பலருக்கு 88 முதல் 92 வரைதான் இலக்கு, அதிகமானால் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரலாம். சளி பச்சையாகி அளவும் கூடினால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை, உதடு நீலமாகிறது, பேச்சு குழறுகிறது, காரணமில்லாமல் தூங்கி வழிகிறார் என்றால் காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.